அடிப்படைத் தொகுப்பு இல்லாமல் வெளியூர் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் டிஷ்ஷில் கிடைக்குமா?

கௌரி_க்ளெண்டைவ்

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் பல வருஷம் இருந்துவிட்டு, கணவரின் மருத்துவமனை வேலைக்காக மொன்டானா மாநிலத்தின் க்ளெண்டைவுக்கு வந்திருக்கிறோம். வாங்கிய வீட்டின் கூரையில் முந்தைய குடும்பம் விட்டுப்போன சின்ன டிஷ் ஒன்று இருக்கிறது. ரிசீவரும் அலமாரியில் கிடக்கிறது.

நாடு முழுக்க நிகழ்ச்சி தரும் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் என்ற நான்கு பெரிய டிவி நெட்வொர்க்குகள் வந்தால் எங்களுக்குப் போதும். ஊருக்கு ஊர் தனி நிலையம்தான் இவற்றை ஒளிபரப்புகிறது, முடிந்தால் எங்களுக்கு நியூயார்க் நிலையங்களாகவே வேண்டும். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். என் நாத்தனார் குடும்பம் இன்னும் நியூஜெர்சியின் எடிசனில் இருப்பதால், அந்தப் பக்கத்துச் செய்தியும் வானிலையும் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். இருநூறு சேனல் தொகுப்பு எங்களுக்கு வேண்டாம், அதைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டால், அடிப்படைத் தொகுப்பு எடுங்கள், லோக்கல் சேனல் மட்டும் வரும் என்கிறார்கள். ஆனால் பழைய இணையப் பக்கங்களில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. நெட்வொர்க் சேனல்களை மட்டும் தனியாக விற்ற நிறுவனம் இருந்ததாம், லோக்கல் நிலையத்திடம் விலக்கு வாங்கினால் வெளியூர் நிலையம் தருவார்களாம். இதெல்லாம் இன்னும் உண்டா?


பிரகாஷ்_டல்லாஸ்

இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு? நெட்டில் பாருங்கள். பாரமவுண்ட் பிளஸில் சிபிஎஸ், பீகாக்கில் என்பிசி நேரலை உண்டு.


கௌரி_க்ளெண்டைவ்

பிரகாஷ், எங்கள் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. செல்போன் டவர் வழியாகத்தான் நெட். மாத டேட்டா தீர்ந்தால் வேகம் விழுந்துவிடும். மாலை முழுக்க டிவி ஓடினால் தாங்காது.


சண்முகம்_சிபேண்ட்

கௌரி மேடம், நீங்கள் படித்ததெல்லாம் நிஜமாக நடந்ததுதான். ஆனால் அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. எப்படி மூடினார்கள் என்று தெரிந்தால்தான் இன்றைய விதி புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எண்பதுகளில் கொல்லைப்புறத்தில் பத்தடி டிஷ் வைத்தால் அமெரிக்காவின் மேலே பறந்த டிவி சிக்னல் எல்லாம் வரும். பெரும்பாலானவை பூட்டு இல்லாமலே வந்தன. 1986 ஜனவரியில் எச்பிஓ என்ற கட்டணச் சேனல், பணம் கட்டாதவர் பார்க்க முடியாதபடி தன் சிக்னலைப் பூட்டியது, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கிராமத்து வீடுகளின் குரல் நாடாளுமன்றம் வரை எட்டியது. 1988இல் சாட்டிலைட் ஹோம் வியூவர் சட்டம் வந்தது. கூரையில் சாதாரண ஆன்டெனா வைத்தும் தன் ஊர் நிலையம் ‘கிரேடு பி’ என்ற அளவுக்குக்கூடக் கிடைக்காத வீடுகள், வெளியூர் நெட்வொர்க் நிலையத்தைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கலாம் என்றது அது.

அந்தக் காலத்தில் இதை விற்றவர்கள் பிரைம்டைம் 24, நெட்லிங்க் போன்றவர்கள். நெட்லிங்க் தந்தது டென்வர் நிலையங்கள். மெய்னில் இருப்பவரும் அரிசோனாவில் இருப்பவரும் டென்வர் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! சி-பேண்டில், அதாவது அந்தப் பெரிய டிஷ் பிடிக்கும் அலைவரிசையில், சேனல்களைத் தனித்தனியாகவே வாங்கலாம். முதலில் பெரிய தொகுப்பு எடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன், இன்றுவரை அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

1994இல் டைரக்டிவி, 1996இல் டிஷ் நெட்வொர்க், இந்த இரண்டு செயற்கைக்கோள் டிவி நிறுவனங்களும் சின்ன டிஷ்ஷோடு வந்தன. வெளியூர் நெட்வொர்க் விற்பனை கட்டுக்கடங்காமல் போனது. ‘உங்கள் ஆன்டெனாவில் படம் நன்றாக வருகிறதா?’ என்று வாடிக்கையாளரையே கேட்பார்கள். இல்லை என்றால் கொடுத்துவிடுவார்கள். சட்டம் கேட்டது சிக்னல் அளவை. 1998இல் மயாமி நீதிமன்றம் பிரைம்டைம் 24க்குத் தடை போட்டது. 1999இல் புதுச் சட்டம் வந்து லோக்கல் நிலையங்களையே செயற்கைக்கோள் வழியாகத் தர அனுமதித்தது. நீங்கள் படித்த விலக்குக் கடிதமும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. நிலையம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 2006. டிஷ் நெட்வொர்க்கின் தாய் நிறுவனமான எக்கோஸ்டார், தகுதி இல்லாத வீடுகளுக்கும் வெளியூர் நெட்வொர்க் தந்துவந்தது என்று தீர்ப்பானது. நிலையங்களோடு 10 கோடி டாலருக்குச் சமரசம் பேசிப் பார்த்தார்கள். ஃபாக்ஸின் சொந்த நிலையங்கள் சேரவில்லை, நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2006 டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க எல்லா வாடிக்கையாளருக்கும் வெட்டு. இதில் தகுதியுள்ள வீடுகளும் சேர்ந்து போயின, அதுதான் வருத்தம்.

நீங்கள் தேடும் ‘தனியாக விற்ற நிறுவனம்’ அப்போதுதான் வந்தது. இண்டியானாபொலிஸில் சி-பேண்ட் சேனல்களை விற்றுவந்த நேஷனல் புரோகிராமிங் சர்வீஸ், எக்கோஸ்டாரின் செயற்கைக்கோளில் ஒரு ட்ரான்ஸ்பான்டரை (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாடகைக்கு எடுத்து, ஆல் அமெரிக்கன் டைரக்ட் என்ற பெயரில் வெளியூர் நெட்வொர்க்குகளை மட்டும் விற்றது. ரிசீவர் டிஷ்ஷுடையது, பில் வேறொருவருடையது. டிவி நிலையங்கள் இதையும் வழக்காக்கின. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்றது. அதுவும் இன்று இல்லை. 2010இல் வந்த சட்டப்படி நாட்டின் 210 டிவி சந்தைகளுக்கும் லோக்கல் சேனல் தர ஒப்புக்கொண்டு, டிஷ் நெட்வொர்க் வெளியூர் நிலையம் தரும் உரிமையைத் திரும்பப் பெற்றுவிட்டது.


விக்னேஷ்92

இவ்வளவு சிரமம் எதற்கு? டிஷ்காரர்களிடம் எடிசன் உறவினர் முகவரியைக் கொடுங்கள். நியூயார்க் லோக்கல் வந்துவிடும். என் நண்பர்கள் சிலர் இப்படித்தான் பார்க்கிறார்கள்.


சண்முகம்_சிபேண்ட்

தம்பி, அது மொன்டானாவில் நடக்காது. அந்த நண்பர்கள் நியூயார்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருப்பார்கள். லோக்கல் சேனல்கள் ஸ்பாட் பீமில் வருகின்றன. டார்ச் விளக்கை ஒரு மூலையில் அடிப்பதுபோல, நியூயார்க் நிலையங்கள் நியூயார்க்கைச் சுற்றிச் சில நூறு மைலுக்குள் மட்டும் விழும். க்ளெண்டைவ் கூரையில் எந்த டிஷ் வைத்தாலும் அந்தக் கற்றை எட்டாது. ஒரே அலைவரிசையை ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. இது இல்லாமல் 210 ஊர் நிலையங்களையும் ஏற்ற இடம் போதாது.


தேன்மொழி_மேரிலண்ட்

எட்டினாலும் செய்யாதீர்கள் கௌரி. பொய் முகவரி கொடுப்பது ஒப்பந்த மீறல். நிறுவனத்துக்குத் தெரிந்தால் கணக்கையே நிறுத்தலாம்.

ஒளிபரப்புச் சட்டம் என் வேலையோடு ஒட்டியது. இன்றைய நிலையைச் சொல்கிறேன். 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் வெளியூர் நெட்வொர்க் உரிமத்தை நிரந்தரமாக்கியது, கூடவே மிகவும் சுருக்கிவிட்டது. கிரேடு பி அளவு, விலக்குக் கடிதம், பழைய வாடிக்கையாளருக்கான சலுகை எல்லாம் போயின. மிஞ்சியவர்கள் இரண்டே வகை. ஒன்று, ஆர்வி என்ற, வசித்தபடியே பயணிக்கும் வண்டிகளும் வணிக லாரிகளும். இரண்டு, ஒரு நெட்வொர்க்குக்குச் சொந்த நிலையமே இல்லாத குறைச் சந்தையில் இருக்கும் வீடுகள். அதற்கும் ஒரு நிபந்தனை: செயற்கைக்கோள் நிறுவனம் 210 சந்தைகளிலும் லோக்கல் சேனல் தர வேண்டும். டிஷ் அப்போதே தந்துகொண்டிருந்தது. டைரக்டிவி 12 சிறு சந்தைகளில் தரவில்லை. அந்த 12இல் உங்கள் க்ளெண்டைவும் ஒன்று.

சந்தை என்று நான் சொல்வது, பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் பிரித்த டிஎம்ஏ, அதாவது டிவி சந்தைப் பகுதி. முதலிடம் நியூயார்க், கடைசியான 210வது இடம் க்ளெண்டைவ். டாசன், ப்ரெய்ரி என்று இரண்டே கவுண்ட்டிகள், சுமார் நாலாயிரம் வீடுகள். அங்கே இருக்கும் ஒரே நிலையம் கேஎக்ஸ்ஜிஎன். அதன் 5.1இல் சிபிஎஸ், 5.2இல் என்பிசி. ஏபிசிக்கும் ஃபாக்ஸுக்கும் அந்தச் சந்தையில் நிலையம் கிடையாது.

ஆக, உங்கள் வீடு டாசன் கவுண்ட்டியில் இருந்தால் ஏபிசி, ஃபாக்ஸ் இரண்டையும் வெளியூர் நிலையமாகப் பெற உங்களுக்குச் சட்டப்படி இடம் உண்டு. நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு இல்லாத உரிமை இது. சிபிஎஸ், என்பிசி இரண்டுக்கும் உள்ளூர் நிலையம் இருப்பதால், அவற்றின் நியூயார்க் நிலையத்தை டிஷ் தர முடியாது, நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும்.

அடிப்படைத் தொகுப்பு பற்றி: தனியாக விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தனியாக விற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அது நிறுவனத்தின் விருப்பம். தனியாக விற்க இன்று ஆள் இல்லை.


கௌரி_க்ளெண்டைவ்

தேன்மொழி, வீடு டாசன் கவுண்ட்டிதான். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி. ஆனால் ஒரு கேள்வி. செயற்கைக்கோள் நாடு முழுக்கப் பார்க்கிறது. நான் பணம் தரத் தயார். என்னை ஏன் ஒரு கவுண்ட்டிக்குள் கட்டிப்போடுகிறார்கள்?


தேன்மொழி_மேரிலண்ட்

நியாயமான கேள்வி. நெட்வொர்க் தன் நிகழ்ச்சியை ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிலையத்துக்குத் தருகிறது. அந்த நிலையம் உள்ளூர் விளம்பரத்தில் பிழைக்கிறது. க்ளெண்டைவில் பனிப்புயல் வந்தால், பள்ளி மூடினால், யெல்லோஸ்டோன் ஆறு பெருகினால் அதைச் சொல்ல வேண்டியது அந்த நிலையம்தான். ஊரே நியூயார்க் சேனல் பார்த்தால் நாலாயிரம் வீட்டுச் சந்தையில் அது எப்படி நிற்கும்? எனக்கு இந்த விதியில் முழு உடன்பாடு உண்டு. சிறு ஊர் நிலையம் ஒருமுறை மூடினால் திரும்பத் திறப்பது அரிது.


சண்முகம்_சிபேண்ட்

தேன்மொழி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளூர் நிலையத்தைக் காப்பாற்றுவது வேறு, பார்ப்பவரைப் பூட்டி வைப்பது வேறு. லோக்கலைக் கட்டாயம் வாங்கு, அதற்கு மேல் வெளியூரும் வேண்டுமானால் கூடுதல் பணம் கொடு என்று வைத்திருக்கலாம். கனடாவில் கிட்டத்தட்ட அப்படித்தானே செய்கிறார்கள்? இங்கே நிலையங்கள் செய்தி ஆட்களைக் குறைத்துக்கொண்டே போகின்றன, பாதுகாப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மொன்டானாவின் கிழக்கு ஓரம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு 1988இல் கிடைத்ததில் பாதிகூட இன்று இல்லை. தொழில்நுட்பம் வளர்ந்து தெரிவு குறைந்திருக்கிறது. இதை நான் சரி என்று எப்படிச் சொல்வேன்?


டொரண்டோ_செல்வா

சண்முகம் அண்ணை சொன்னது உண்மை. இங்க நாங்கள் அமெரிக்க ஏபிசி, என்பிசி எல்லாம் சட்டப்படியே பார்க்கிறோம். பஃபலோ நிலையங்கள் இங்க வீட்டுச் சேனல் மாதிரி, மேற்கில சியாட்டில் நிலையங்களும் வரும். ஆனால் ஒரு விஷயம்: கனடாச் சேனலும் அமெரிக்கச் சேனலும் ஒரே நேரத்தில ஒரே நிகழ்ச்சி போட்டால், அமெரிக்கச் சேனலுக்கு மேல கனடாச் சேனலின்ர படத்தையும் விளம்பரத்தையும் ஏத்திவிடுவினம். எழுபதுகளில இருந்தே இருக்கிற விதி. உள்ளூர்க்காரனின்ர விளம்பரக் காசும் போகாது, பார்க்கிறவனுக்கும் சேனல் கிடைக்கும்.

கௌரி அக்கா, யாராவது கனடா டிஷ்ஷை அங்க கொண்டு வந்து பூட்டித் தாறன் எண்டு சொன்னால் நம்பாதேங்கோ. மற்றப் பக்கமாக, அமெரிக்க டிஷ்ஷை இங்க பார்க்கிறது சட்டவிரோதம் எண்டு கனடா உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொன்னது. அங்கயும் அந்த வேலைக்கு அனுமதி இல்லை.


நாடோடி_ராஜன்

ஆர்வி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நானும் மனைவியும் ஓய்வுக்குப் பிறகு வண்டியிலேயே பெரும்பகுதி இருக்கிறோம். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நெட்வொர்க்குகளை எங்கே நிறுத்தினாலும் பார்க்க முடிகிறது. வண்டியின் மாநிலப் பதிவுச் சான்று நகலும், வண்டியில் மட்டுமே பார்ப்பேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் தர வேண்டும். மாதம் மாதம் பணம் கட்டலாம், போகாத மாதம் நிறுத்திவைக்கலாம். ஆனால் இங்கேயும் அடிப்படைத் தொகுப்பு இருந்தால்தான் அதன்மேல் இது கிடைக்கும்.

வீட்டு வாசலில் பழைய ஆர்வி ஒன்றை நிறுத்தி, ஒயரை வீட்டுக்குள் இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படிச் செய்யக் கூடாது. உண்மையிலேயே ஊர் சுற்றுகிறவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சலுகை இது ஒன்றுதான். இதையும் கெடுத்துவிடாதீர்கள்.


கௌரி_க்ளெண்டைவ்

எங்களுக்கு ஆர்வி இல்லை. சரி, சந்தாவே வேண்டாம் என்றால்? கூரையில் இருக்கும் டிஷ்ஷில் இலவசச் சேனல் ஏதாவது வருமா?


சண்முகம்_சிபேண்ட்

வரும், ஆனால் அந்த டிஷ்ஷில் வராது. உங்கள் கூரையில் இருப்பது 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரை, வட்ட முனைவாக்கத்தில் (அலை சுழன்றபடி வரும் முறை) வரும் சிக்னலுக்குச் செய்தது. இலவச கேயூ-பேண்ட் சேனல்கள் 11.7 முதல் 12.2 வரை, நேர்கோட்டு முனைவாக்கத்தில் (அலை ஒரே தளத்தில் அதிரும் முறை) வருகின்றன. டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் எல்என்பியை மாற்றினாலும் அந்த டிஷ் சின்னது. 75 முதல் 90 சென்டிமீட்டர் டிஷ், யுனிவர்சல் அல்லது ஸ்டாண்டர்ட் கேயூ எல்என்பி, ஒரு இலவசச் சேனல் ரிசீவர் வேண்டும்.

ஆரம்பிப்பவர்கள் 97 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோளைத்தான் பிடிப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து அது நேர்த் தெற்கிலிருந்து பத்து டிகிரி கிழக்கே, ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்கே மரம் மறைக்காமல் இருந்தால் சுலபம். அதில் பல நாட்டு மொழிச் சேனல்களும் சமயச் சேனல்களும் நிறைய. ஆனால் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் நான்கும் அங்கே இல்லை. நெட்வொர்க்குகள் தங்கள் நிலையங்களுக்கு அனுப்பும் சிக்னலைப் பூட்டிவிட்டன. சி-பேண்டிலும் இடம் சுருங்கிவிட்டது. 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்கு ஏலம் விட்டார்கள். ஏலத் தொகை 8,000 கோடி டாலருக்கு மேல். பெரிய டிஷ்காரர்களுக்கு இப்போது மிஞ்சியிருப்பது 4.0 முதல் 4.2 வரைதான். பொழுதுபோக்காகச் செய்ய விரும்பினால் நான் வழி சொல்கிறேன், ஆனால் உங்கள் தேவைக்கு இது விடை இல்லை.

உங்களுக்கு முதலில் வேண்டியது ஆன்டெனா. கேஎக்ஸ்ஜிஎன் ஊரிலேயே இருப்பதால் சிபிஎஸ்ஸும் என்பிசியும் காசில்லாமல் வரும்.


கௌரி_க்ளெண்டைவ்

அதையும் செய்து பார்த்தோம் சார். கடையில் வாங்கிய தட்டை ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டினோம். படம் வருகிறது, உடைகிறது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கவில்லை.


சண்முகம்_சிபேண்ட்

ஆன்டெனா ஊருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கேஎக்ஸ்ஜிஎன் நிஜமாகவே 5ஆம் சேனலில், அதாவது 76 முதல் 82 மெகாஹெர்ட்ஸில் ஒளிபரப்புகிறது. இது லோ-விஎச்எஃப், டிவி அலைவரிசைகளிலேயே கீழ்மட்டம். பெரும்பாலான நிலையங்கள் டிஜிட்டலுக்குப் போனபோது அதைவிட உயர்ந்த யூஎச்எஃப் அலைவரிசைக்கு மாறிவிட்டன. கடையில் விற்கும் தட்டை ஆன்டெனா யூஎச்எஃப்பை மனதில் வைத்துச் செய்தது. 5ஆம் சேனலின் அரை அலைநீளம் சுமார் ஆறடி. அதைப் பிடிக்க அந்த அளவு நீளக் கம்பி வேண்டும். கைக்குட்டை அளவுத் தகட்டால் முடியாது.

பெட்டியில் ‘விஎச்எஃப் 2 முதல் 6’ என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் வெளிப்புற ஆன்டெனா வாங்குங்கள். ‘விஎச்எஃப்’ என்று மட்டும் இருந்தால் 7க்கு மேல் மட்டும் இருக்கலாம். கவனமாகப் பாருங்கள். கூரைமேல் வையுங்கள். லோ-விஎச்எஃப்புக்கு வீட்டு மின்சாதன இரைச்சல் பெரிய எதிரி. எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் அந்த அலைவரிசையில் குறுக்கிடும். படம் உடையும்போது ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பாருங்கள், எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் வாங்காதீர்கள். ஊருக்குள் கோபுரம் இருக்கும்போது அது கெடுதல்தான் செய்யும்.


தேன்மொழி_மேரிலண்ட்

வாடகை வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிவி ஆன்டெனாவையும் ஒரு மீட்டருக்குள் இருக்கும் டிஷ்ஷையும் உங்கள் தனி உபயோகத்தில் உள்ள பால்கனியிலோ முற்றத்திலோ வைப்பதை வீட்டுக்காரரோ குடியிருப்புச் சங்கமோ தடுக்க முடியாது. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசியின் விதி 1996 முதல் இருக்கிறது, 1999இல் வாடகைதாரருக்கும் விரித்தார்கள்.

கௌரி, மாமியாருக்கு வேண்டியது நியூயார்க் செய்திதானே? அதற்கு முழு நிலையம் தேவையில்லை. நியூயார்க் சிபிஎஸ் நிலையத்தின் செய்தி நேரலை இணையத்தில் இலவசம், சந்தா கேட்காது. ஏபிசியின் நியூயார்க் நிலையமும் தன் செய்திகளை ஆப்பில் தருகிறது. மாலை ஒரு மணி நேரம், குறைந்த தரத்தில் வைத்தால் உங்கள் டேட்டா தாங்கும்.


பிரகாஷ்_டல்லாஸ்

எல்லா ஊர் லோக்கலையும் நெட்டில் இலவசமாகத் தந்த லோகாஸ்ட் இருந்ததே, அது என்ன ஆனது?


தேன்மொழி_மேரிலண்ட்

2021 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் லாபநோக்கமற்ற அமைப்புக்கான விதிவிலக்கில் நின்றார்கள். நன்கொடையாக வந்த பணத்தைப் புது ஊர்களுக்கு விரிவாக்கச் செலவிட்டதால் அந்த விதிவிலக்கு பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன், லோக்கல் சேனல்களை நெட்டில் விற்ற ஏரியோ 2014இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. எப்படியும், லோகாஸ்ட் நீங்கள் இருக்கும் ஊர்ச் சேனலைத்தான் தந்தது. வெளியூரைத் தரவில்லை.


விக்னேஷ்92

ஃபுட்பாலுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் ஞாயிறு ஆட்டங்களைத் தரும் சண்டே டிக்கெட் 1994 முதல் 2022 வரை டைரக்டிவியிடம் இருந்தது. 2023 முதல் யூடியூபில், யூடியூப் டிவியின் அடிப்படைச் சந்தா இல்லாமலும் தனியாக வாங்கலாம். வெளியூர் ஆட்டங்கள் சட்டப்படியே வரும்.


கௌரி_க்ளெண்டைவ்

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து வீட்டில் பேசினோம். கூரையில் லோ-விஎச்எஃப் ஆன்டெனா வைத்து சிபிஎஸ், என்பிசி பார்ப்பது. மாமியாருக்கு மாலையில் டேப்லெட்டில் நியூயார்க் செய்தி. நேற்றே காட்டினேன், பழைய முகங்களைப் பார்த்ததும் எடிசனுக்குப் போன் போட்டுவிட்டார். ஏபிசிக்காக மட்டும் டிஷ் தொகுப்பு எடுப்பதா என்பதைக் குளிர்காலத்துக்குள் முடிவு செய்கிறோம். எடுத்தால் குறைச் சந்தை உரிமையைச் சொல்லிக் கேட்பேன்.

சண்முகம் சார், பழைய டிஷ் நிற்கும் கம்பத்திலேயே ஆன்டெனாவை மாட்டலாமா? இங்கே காற்று பலமாக அடிக்கும். அந்த டிஷ்ஷுக்கு வந்திருக்கும் ஒயரையே பயன்படுத்தலாமா?


சண்முகம்_சிபேண்ட்

ஒயர் ஆர்ஜி-6 (டிவிக்கான வழக்கமான கோஆக்சியல் ஒயர்) என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நுனிகளில் துருப்பிடித்திருந்தால் வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். நடுவில் டிஷ்ஷுக்கான ஸ்விட்ச் ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள், அது 5ஆம் சேனலை விழுங்கிவிடும். டிஷ்ஷுக்கு வைத்த வளைந்த கம்பம் ஆறடி ஆன்டெனாவுக்கும் மொன்டானா காற்றுக்கும் போதாது. சுவரோரம் தனிக் கம்பம் போட்டு இரண்டு இடத்தில் இறுக்கிப் பிடியுங்கள். கம்பத்திலிருந்து 10 கேஜ் செம்புக் கம்பியை வீட்டு மின்சார எர்த்தோடு இணைக்க வேண்டும். கூரைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதோடு நிறுத்திவிடாதீர்கள், வீட்டு எர்த்தோடு சேர்ந்தே ஆக வேண்டும். ஆன்டெனா ஒயரும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்ட் பிளாக் (ஒயரை எர்த்தோடு இணைக்கும் சிறு பாகம்) வழியாகப் போகட்டும். கம்பம் போடும் இடத்தில் மின்கம்பி ஏதும் பக்கத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் இடத்தை மாற்றுங்கள். படம் எடுத்துப் போட்டால் எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.